வாள் இல்லாத சிங்கம்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் எப்போதுமே கையிருப்பில் குறைவு. ஓய்வு பெற்றபின் என் வாய் இன்னும் கெட்டுவிட்டது என்று வீட்டிலும் சொல்கிறார்கள். ஆகவே புத்திமதியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சிங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். வேலைக்கு உதவுமா என்று கேட்காதீர்கள். எனக்கு உதவியது.

உங்கள் பாடு இப்போது சுகம். ஒரு துளியைக் குழாயில் விட்டு இயந்திரத்துக்குள் வைத்து மூடினால், அது எந்த வைரசு, அதன் எந்தப் பரம்பரையலகு விழித்திருக்கிறது என்பதெல்லாம் திரையில் கோடு கோடாக ஏறுகிறது. அதற்குள் நீங்கள் தேநீரும் குடித்து, கைத்தொலைபேசியில் ஊர்க்கதையும் பார்த்து முடிக்கிறீர்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. சண்டைக் காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் மொத்தச் சொத்து ஒரு நுணுக்குக்காட்டி, மலேரியா பார்க்கிற சாயப் போத்தல், ஒரு ஜன்னல். மின்சாரம் மாதக்கணக்காக இல்லை. நுணுக்குக்காட்டியை ஜன்னலடியில் வைத்து, அதன் அடியில் உள்ள கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிப்பேன். முகில் மறைத்தால் நோயாளி காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு காலை வேளையில் வாசலில் படை வாகனம் வந்து நின்றது. முதலில் சிப்பாய்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, சட்டையில்லாமல் ஓர் இளைஞன். பின்னால் ஒரு கப்டன். எல்லாருக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்த ஒரு பெண். இந்தக் கூட்டத்தை எங்கள் சின்ன டொக்டர் நேரே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிது. முகத்தில் இரத்தமே இல்லை.

அந்த இளைஞனின் இடது விலாவைப் பார்த்தேன். முதுகுத்தண்டில் தொடங்கி, அக்குளுக்குக் கீழால் வளைந்து, நெஞ்சு வரை ஒரு பட்டியாகக் கொப்புளங்கள். வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது, இது அக்கி. ஆனால் அதற்கு மேலே செங்காவியால் ஒரு மிருகம் வரையப்பட்டிருந்தது. நாலு கால், வால், திறந்த வாய், உடம்பு முழுக்க வரிவரியாகக் கோடுகள்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் சிங்கமும் புலியும் வெறும் மிருகங்கள் அல்ல என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒன்று ஒரு பக்கத்தின் கொடியில் இருந்தது, மற்றது மறு பக்கத்தின் கொடியில். இந்தப் பையன் விலாவில் எதைச் சுமந்து வந்திருக்கிறான் என்பதுதான் வழக்கு.

பையனின் பெயர் யோகன். பழுகாமத்து வேளாண்மைக்காரன். ஓடி வந்தவள் அவனுடைய மச்சாள் புஸ்பம், செங்கலடியைச் சேர்ந்தவள். அடுத்த கிழமை இரண்டு பேருக்கும் கலியாணம். கலியாண அலுவலாகச் செங்கலடிக்கு வந்த இடத்தில் யோகனுக்கு விலா நெருப்பாக எரிந்து கொப்புளம் போட்டிருக்கிறது. பதுளை வீதியில், கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து குடியேறிய ஒரு மனிதர் இருந்தார். அவருடைய ஆட்களுக்கு அக்கி எழுதுவது பரம்பரைப் பழக்கம். காவிக்கல்லை உரைத்து, மந்திரம் சொல்லி, கொப்புளத்தின்மேல் ஒரு சிங்கத்தை வரைந்துவிடுவார்கள். சிங்கம் அக்கியைத் தின்றுவிடும் என்பது கணக்கு. காவி தானாக உதிரும்வரை குளிக்கக் கூடாது. புஸ்பம்தான் யோகனை இழுத்துக்கொண்டுபோய் எழுதுவித்திருக்கிறாள்.

அந்த மனிதருக்கு மனம் நல்லது. சித்திரக் கைதான் வாய்க்கவில்லை. போதாததற்கு, இருவரும் மட்டக்களப்புக்கு வந்த நெரிசல் பஸ்ஸில் யோகனுக்கு வேர்த்துக் கொட்டியதில், சிங்கத்தின் பிடரி உருகி உடம்பெல்லாம் வழிந்து வரியாகிவிட்டது. சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிச் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். அது வருத்தம் என்று புஸ்பம் விடாமல் கத்தியதால்தான் முதலில் இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

“சேர், இது ஹேர்பீஸ் சொஸ்டர், ஒரு வைரசு வருத்தம்,” என்றார் சின்ன டொக்டர்.

கப்டனுக்குத் தமிழ் ஓரளவு வரும். “நீங்க தமிழ் டொக்டர். இவன் தமிழ் பொடியன். நீங்க வேற என்ன சொல்லப் போறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஆளின் குரலில் சொன்னார். “துவக்கு வார் நாள் கணக்கா உரசினா இப்பிடி வரும். நான் பாத்திருக்கேன். வருத்தம் எண்டா எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி பன்னெண்டு மணிக் கொன்வோய்ல இவன் போவான்.”

அந்த வாகனத் தொடரில் ஏற்றிவிட்டால், பிறகு எந்த ஊரில், எந்த வாசலில் போய்த் தேடுவது என்று எவருக்கும் தெரியாது. அப்படிப் போன பிள்ளைகளின் தாய்மாரை நாங்கள் ஒவ்வொரு நாளும் பஸ் நிலையத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் என் வாய்க்கு அந்தச் சமாசாரம் போய்ச் சேரவில்லைபோல.

“காட்டுறன், இருங்க,” என்றேன்.

சின்ன டொக்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

என்னத்தைக் காட்டப் போகிறேன்? இதைச் சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள். கொப்புளிப்பான் என்கிற சின்னம்மையின் வைரசும் அக்கி வைரசும் ஒரே ஆள்தான் என்று படித்திருப்பீர்கள். அது தோலின் கலத்துக்குள் போனதும் கலத்தை உடனே கொல்வதில்லை. நேரே கருவுக்குள் போகிறது. முதலில் தன் பரம்பரையலகுகளில் அதிகாரிகள் போன்ற சிலவற்றை மட்டும் வாசிக்க வைக்கிறது. அவை வந்து கலத்தின் சொந்த வேலைகளை ஒவ்வொன்றாக அடக்கிவிட்டு, வைரசின் மற்ற அலகுகளுக்கு வழி விடுகின்றன. வாசிக்கும் இயந்திரம் கலத்தினுடையதுதான், வாசிக்கப்படும் புத்தகம் மாறிவிடுகிறது. கடைசியில் வருகிற புரதங்கள் கலத்தின் வெளிச்சவ்வில் போய் உட்கார்ந்து, பக்கத்துக் கலத்தோடு ஒட்ட வைக்கின்றன. இப்படிப் பல கலங்கள் ஒன்றாகி, ஒரே பைக்குள் பல கருக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும் இராட்சதக் கலம் உண்டாகிறது. நெருப்போ துவக்கு வாரோ தோலைப் புண்ணாக்கும். இராட்சதக் கலத்தைச் செய்யாது. நான் காட்ட வேண்டியது அதைத்தான்.

அதற்குப் புதுக் கொப்புளம் ஒன்று வேண்டும். அதிலும் மேல் தண்ணியை எடுத்தால் பிரயோசனமில்லை, கூரையை நீக்கி அடித்தளத்தைச் சுரண்ட வேண்டும். எனக்கு இதைப் பழக்கிய விசேட வைத்தியர், வெறும் தண்ணியைக் கொண்டுபோனால், “இதைக் கொண்டுபோய்ப் பூமரத்துக்கு ஊத்துங்கோ,” என்று திருப்பி அனுப்புவார். யோகனின் கொப்புளங்களோ காவிக்குக் கீழே இருந்தன. காவியைக் கழுவ ஈரப் பஞ்சை எடுத்தேன்.

“தொட வேணாம்!” என்றார் கப்டன். “அது சாட்சி.”

“தொட ஒண்ணா மிஸ்!” என்றாள் புஸ்பம். “அது மந்திரிச்சது.”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் படைக்கும் செங்கலடிக்கும் முழு உடன்பாடு. நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, யோகனைத் திருப்பி நிற்கவைத்துத் தேடினேன். முதுகுப் பக்கம், சிங்கத்தின் வாலுக்கு அப்பால், அன்றைக்குத்தான் முளைத்த ஒரு சின்னக் கொப்புளம் காவி படாமல் இருந்தது. சுரண்டினேன். யோகன் “அம்மாளே!” என்று கத்தியதில் வெளியில் நின்ற வாகனத்தின் சாரதியும் எட்டிப் பார்த்தான்.

சிலைட்டில் பூசி, உலர்த்தி, சாயத்தை ஊற்றி வைத்தேன். சாயம் ஊறும்வரை செய்ய ஒன்றுமில்லை. நெருக்கடியில் மிகக் கஷ்டமான வேலை அதுதான் பிள்ளைகளே, பதறாமல் காத்திருப்பது. அவசரப்பட்டுக் கழுவினால் எல்லாம் வெளிறிப்போகும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடைவெளியில் சித்திர விசாரணை தொடங்கிவிட்டது.

“இது சிங்கம் சேர். நல்லாப் பாருங்க,” என்று புஸ்பம் விரலை நீட்டினாள். “இஞ்ச பிடரி கிடக்கு. வேர்வைக்கு ஒழுகிற்று.”

“வரி இருக்கு. வரி இருந்தா புலி.”

“வரி காவியிட பிழை சேர். முகத்தப் பாருங்க. புலிக்கு இப்பிடி முகம் இரிக்குமா?”

கப்டன் குனிந்து முகத்தைப் பார்த்தார். சிப்பாய்களும் குனிந்தார்கள். அதில் ஒருவன் வெகுநேரம் யோசித்து, “பல்லா,” என்றான். சிங்களத்தில் நாய். யோகனுக்கே கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது.

கப்டன் நிமிர்ந்தார். “சிங்கம் எண்டா வாள் எங்க? எங்கட சிங்கத்துக்கு வாள் இருக்கு.”

“வருத்தத்தத் தின்னுறதுக்கு வாள் என்னத்துக்கு சேர்? வாய் போதும்தானே!”

இப்படிப் பேசுகிறவளைப் பார்த்துச் சின்ன டொக்டர் கதிரையில் உட்கார்ந்தேவிட்டார்.  நான் சாயத்தைக் கழுவி, சிலைட்டை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து முகில் வந்து வெயிலை மறைத்தது. கப்டன் வானத்தைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன், கை கட்டியிருந்த யோகனும் வானத்தைப் பார்த்தான். முகிலுக்கும் புஸ்பத்தின் வாய்க்குப் பயம்போல, அவள் ஏதோ முணுமுணுத்ததும் விலகியது.

தேடினேன். இரத்தக் கலங்கள். வெறும் தோல் துணுக்குகள். இன்னும் வெறும் தோல். பிறகு ஒன்று வந்தது பாருங்கள்! ஊதா நிறத்தில், வயல்வட்டை முழுவதையும் ஒரே வளவாக வளைத்துப்போட்டவன் மாதிரி அகலமாக, உள்ளே கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொரு கருவின் சரக்கும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடு மங்கிய கண்ணாடியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டிவிட்டேன். அவ்வளவு அழகான இராட்சதக் கலத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

“வாங்க சேர், பாருங்க.”

கப்டன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். “கறுப்பு மயிர்தான் தெரியுது,” என்றார்.

“அது உங்கட கண் இமை சேர். கொஞ்சம் பின்னால எடுங்க.”

எடுத்தார். அசையாமல் பார்த்தார். “பெரிசு,” என்றார் மெதுவாக. “இது எப்பிடி இவனுக்குள்ள வந்தது?”

இங்கேதான் நான் என் அறிவைக் காட்ட வெளிக்கிட்டேன். மிக ஆர்வமாகத் தொடங்கினேன். “இது சேர், சின்ன வயசிலயே உள்ளுக்கு வந்திரும். வந்து, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில நரம்புக்குள்ள ஒளிஞ்சிரும். வருஷக்கணக்கா ஒரு சத்தமும் இருக்காது. தன்ர வேலை எல்லாத்தையும் நிப்பாட்டிற்று, ஆருக்கும் தெரியாம, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். காவல் எப்ப குறையுதெண்டு பாத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு...”

கப்டனின் முகம் இறுகிக்கொண்டே போனது. “எத்தன வருஷம் ஒளிஞ்சிருக்கும்?” என்றார்.

“இருபது, முப்பது வருஷம்...”

“காவல் குறைஞ்சா?”

“வெளியில வந்து, உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் தன்ர கட்டுப்பாட்டில...”

சின்ன டொக்டர் இருமினார். சாதாரண இருமல் அல்ல, மரண வீட்டு இருமல். அப்போதுதான் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. விஞ்ஞானத்தில் ஓர் எழுத்துப் பிழையில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் யார் என்பதை மறந்துவிட்டேன். அவருடைய காதில் இது வைரசின் வரலாறாக விழவில்லை. யோகனுடைய வரலாறாக விழுந்துகொண்டிருந்தது.

சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. நான் எனக்குத் தெரிந்த ஒரேயொரு பக்கத்தால் பாய்ந்தேன்.

“சேர், உங்களுக்குச் சின்னனில கொப்புளிப்பான் வந்ததா?”

அவர் எதிர்பார்க்கவில்லை. “வந்தது. மூண்டாம் வகுப்பில. அம்மா வேப்பிலையில படுக்க வச்சாங்க.”

“அப்ப இது உங்கட முள்ளந்தண்டிலயும் இருக்கு சேர். இப்பவும் இருக்கு.”

 ஒரு சிப்பாய் துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான். கப்டன் என்னைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். பிறகு அவருடைய கை தானாகப் போய்த் தன் முதுகைத் தடவியது.

“எனக்குள்ளயா?”

“உங்களுக்குள்ள, எனக்குள்ள, டொக்டருக்குள்ள, இவனுக்குள்ள. கொப்புளிப்பான் வந்த ஆருக்குள்ளயும். ஒரே ஆள்தான்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. தலைவர் சிரித்ததால் சிப்பாய்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். புஸ்பம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, “எனக்கு வரவே இல்ல மிஸ்!” என்று பெருமையடித்தாள். கலியாணத்துக்கு முன்னால் இந்தக் கொப்புளங்களில் கை வைத்தால் கொப்புளிப்பானோடுதான் மணவறையில் இருப்பாய் என்று சொன்னேன். உடனே யோகனிடமிருந்து இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள்.

“ஏன் இவனுக்கு எழும்பினது, எனக்கு எழும்பல்ல?” கப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

இந்த முறை வாயைத் திறக்கும் முன்பு யோசித்தேன். “உங்கட முகாமுக்குப் பக்கத்தில கோயில் லவுட்ஸ்பீக்கர் இருக்குத்தானே?”

“இருக்கு. அதால எனக்கு நித்திரையே இல்ல.”

“அதே லவுட்ஸ்பீக்கர், அதே ஜெனரேட்டர், அதே வயர். ஆனா மைக்க வேற ஒருத்தன் பறிச்சிற்றான் எண்டு வைங்க. மறுகா அவன் சொல்லுறதுதான் ஊருக்குக் கேக்கும், ஐயரிட பூசை கேக்காது. இந்தக் கலத்துக்கு நடந்தது அதுதான். உங்களுக்குள்ள இருக்கிறவனிட்ட இன்னும் மைக் போகல்ல. உடம்பு களைச்சா, யோசினை கூடினா, நித்திரை கெட்டா, போகும்.”

“யோசினை, நித்திரை,” என்று முணுமுணுத்தார். “அப்ப எனக்குக் கெதியா வரும்.”

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. “மிஸ், இப்ப சொல்லுங்க. இவன் அவங்கட ஆளா, இல்லையா?”

புஸ்பம் என் கையைப் பிடித்தாள். “இல்லையெண்டு சொல்லுங்க மிஸ்,” என்றாள். அவ்வளவு நேரம் கப்டனோடு மல்லுக்கு நின்றவள் இப்போது என்னிடம் கெஞ்சினாள். சின்ன டொக்டர் தலையைச் சாடையாக ஆட்டினார், சொல்லும்படி. ஒரு சொல். சொன்னால் பையன் வீட்டுக்குப் போவான். சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“எனக்குத் தெரியாது சேர்,” என்றேன். “நான் இவன இண்டைக்குத்தான் கண்டன். இந்தப் புண் துவக்கு வாரால வந்ததில்ல. அது தெரியும். அக்கி. அதுவும் தெரியும். அதுக்கு மேல இந்தச் சிலைட் ஒண்டும் சொல்லாது. அதுக்கு மேல நான் சொன்னா, முதல் சொன்னதையும் நீங்க நம்ப மாட்டீங்க.”

புஸ்பம் என் கையை உதறினாள். அது எனக்குச் சுளீரென்று வலித்தது.

 கப்டன் ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “காலையில இருந்து எல்லாரும் எனக்கு இவன் நல்ல பொடியன், நல்ல பொடியன் எண்டுதான் சொல்லுறாங்க,” என்றார். “பஸ்காரன் சொன்னான். டொக்டர் சொன்னார். இந்தப் பொம்பளப் பிள்ள நூறு தரம் சொன்னா. தெரியாது எண்டு சொன்ன ஒரே ஆள் நீங்க.” திரும்பி ஒரு சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் யோகனின் கைக்கட்டை அவிழ்த்தான்.

யோகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவிழ்த்த கைகளைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நின்றான். புஸ்பம் இரண்டடித் தூரத்தை மறக்காமல், அங்கிருந்தபடியே ஓவென்று அழுதாள்.

ஆனால் அவன் வீட்டுக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். துறையில் நிற்பது வேறு முகாம் ஆட்கள். அவர்களும் சட்டையைத் தூக்கச் சொல்வார்கள். கப்டன் அதைச் சொல்லி, படத்தைக் கழுவிவிட்டுப் போகும்படி சொன்னார். அழுதுகொண்டிருந்தவள் ஒரு நொடியில் நிறுத்தினாள். “மந்திரிச்சதக் கழுவினா அக்கி தலைக்கு ஏறிரும் சேர். ஒண்ணாது.”

நான் கப்டனைப் பார்த்தேன். கப்டன் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

“வாள்,” என்றார்.

புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தை எடுத்தேன். காவியைத் தொடாமல், அதற்கு முன்னால், கொப்புளமில்லாத வயிற்றுத் தோலில் பஞ்சுக் குச்சியால் ஒரு வாளை வரைந்தேன். யோகன் கூச்சத்தில் நெளிந்து, விலா வலித்துக் கத்தி, மறுபடி நெளிந்தான். “நேரா, நேரா. நுனி மேல போகணும்,” என்று கப்டன் பக்கத்தில் நின்று வழிகாட்டினார். சின்ன டொக்டர், மருத்துவப் பட்டம் பெற்ற மனிதர், மருந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிப்பாய்கள் ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். நாய் என்று சொன்னவன் பிடரியையும் சரிக்கட்டச் சொன்னான். சிங்கத்தின் கழுத்தைச் சுற்றி, காவி படாத இடமாகப் பார்த்து, ஊதாவில் ஒரு பிடரி போட்டேன்.

கொன்வோய் யோகன் இல்லாமல் போனது. யோகனும் புஸ்பமும் வெவ்வேறு பஸ்ஸில் போனார்கள், அவள் வடக்கே, அவன் தெற்கே.  தெரியாது என்று சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாளை வரைந்து பையனைக் கேலிக்கூத்தாக்கி அனுப்பிவிட்டேனோ, துறையில் நிற்கிறவன் பகிடி தெரியாதவனாக இருந்தால் என்ன செய்வான் என்று ஜன்னலடியிலேயே நின்றேன். மலேரியாச் சிலைட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றையும் தொடவில்லை.

பின்னேரம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் வந்தாள். பிள்ளையை டொக்டரிடம் காட்டும் முன்பே என்னைத் தேடி ஆய்வுகூட வாசலில் நின்றாள்.

“நீங்களா மிஸ் படம் கீறுற ஆள்? வள்ளத்துக்கு நாங்க நிண்ட துறையிலதான் அந்தப் பொடியன் வந்து இறங்கினான். ஆமி சட்டையத் தூக்கச் சொன்னான். பாத்தான். மத்தவனையும் கூப்பிட்டான். ரெண்டு பேரும் நிண்டு பாத்தாங்க மிஸ், எங்களுக்கு உயிரே போயிற்று.”

“மறுகா?”

“மறுகா ஒருத்தன் நிமிந்து நிண்டு சலூட் அடிச்சான்,” என்றாள். “சிங்கம் கரையேறிற்று.”